அல்பேனியா போகணுமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அல்பேனியாவுக்கு இரண்டு தடவை போய்வந்தேன். முதலில் பன்னிரண்டு நாள், அப்புறம் மூன்று வாரம். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியிலும் சரி, வாட்ஸ்அப்பிலும் சரி, அதே கேள்விகள்தான் வருகின்றன. ஆளாளுக்குத் தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

அல்பேனியாவா? அது எங்கப்பா இருக்கு?

கிரீஸுக்கு வடமேற்கே, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில். எதிர்க்கரையில் இத்தாலி. பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சின்னது. மக்கள்தொகை ஏறத்தாழ 24 லட்சம், அதாவது மொத்த நாட்டையும் சென்னைக்குள் குடிவைத்துவிடலாம். அவர்கள் பேசும் மொழி கிரேக்கத்தோடும் சேராது, பக்கத்து ஸ்லாவிய மொழிகளோடும் சேராது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் அது ஒரு தனிக்கிளை.

நமக்கு இந்தப் பெயர் அதிகம் பழகாததற்குக் காரணம் உண்டு. 1944-லிருந்து 1985-ல் சாகும்வரை என்வர் ஹோஜா என்கிற கம்யூனிஸ்ட் தலைவர் நாட்டை இழுத்துப் பூட்டி வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் சுலபமாக உள்ளே வர முடியாது, உள்ளூர்க்காரர்கள் வெளியே போகவே முடியாது. பூட்டு உடைந்தது 1990 வாக்கில்தான்.

அப்படி என்ன இருக்கு அங்க? பாரிஸ் மாதிரி ஒரு டவராவது உண்டா?

டவர் இல்லை, பிரமிட் இருக்கிறது. ஹோஜாவின் நினைவு அருங்காட்சியகமாக 1988-ல் தலைநகர் டிரானாவில் கட்டியது. ஆட்சி கவிழ்ந்த பிறகு பிள்ளைகள் அதன் சரிவில் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். 2023-ல் புதுப்பித்துத் திறந்தபோது சரிவிலேயே படிக்கட்டு வைத்துவிட்டார்கள், யாரும் உச்சி வரை ஏறலாம். சர்வாதிகாரியின் தலைமேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிற மாதிரி.

ஆனால் என்னைக் கேட்டால் டிரானாவை இரண்டு நாளில் முடித்துவிட்டுத் தெற்கே ஜிரோகாஸ்தருக்குப் போய்விடுங்கள். மலைச்சரிவில் ஒரு கல் ஊர்: சுவர் கல், தெரு கல், கூரைகூடக் கல் பலகைதான். மழை பெய்து ஓய்ந்ததும் அந்தக் கூரைகள் மீன் செதில் மாதிரி பளபளக்கும். நான் தங்கிய வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழே ஒரு கூரை. அதன் மேல் தினமும் காலையில் ஒரு பாட்டி எப்படியோ ஏறிவந்து, நகர்ந்துபோன பலகைகளைக் காலால் தட்டித் தட்டி உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போவார். ஹோஜா பிறந்ததும் இதே ஊர், எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே பிறந்ததும் இதே ஊர். கோட்டைக்குள் ஒரு பழைய அமெரிக்க விமானம் நிற்கிறது; 1957-ல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்ததை உளவு விமானம் என்று சொல்லி அப்படியே காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

இன்னொரு ஊர் பெராட். ஓசும் ஆற்றின் இரு கரையிலும் ஓட்டு வீடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்கள். அதன் கோட்டை வெறும் கோட்டை இல்லை, உள்ளே இன்னமும் குடித்தனம் நடக்கிறது, துணி காய்கிறது. ஜிரோகாஸ்தர் 2005-லும் பெராட் 2008-லும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

எத்தனை நாள் வேணும்? நாலு நாள்ல முடிச்சிடலாமா?

நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் கடக்க நாலு நாள் போதும். ஆனால் அதற்கு எதற்குப் போகவேண்டும்? பத்து நாள் வையுங்கள். டிரானா 2, பெராட் 2, ஜிரோகாஸ்தர் 3, மிச்சம் வடக்கே மலைக்கு. தினம் ஒரு ஊர் என்று பெட்டி தூக்கினால் ஞாபகத்தில் மிஞ்சுவது பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான். முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம் அதுதான்: பன்னிரண்டு நாளில் ஒன்பது ஊர்.

எப்போ போனா நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை ஆகஸ்டில் தெற்குக் கடற்கரை, குறிப்பாகச் சரண்டாவும் க்ஸமிலும், நெருக்கித் தள்ளும். சாய்வு நாற்காலிக்குக் காசு, குடைக்குக் காசு. கடல் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனால் தண்ணீரைப் பார்க்க நாலு தலையை விலக்கவேண்டும். குளிர்காலத்தில் வடக்கு மலைப் பாதைகள் பனியில் மூடிவிடும்.

விசா எடுக்கணுமா? ஷெங்கன் விசா இருந்தா போதும்னு சொல்றாங்களே?

பாதி சரி. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்; அல்பேனியா அதில் இல்லை. ஆனால் உங்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் விசா, அதுவும் பலமுறை நுழையக்கூடிய விசாவாக இருந்து, அதை ஏற்கெனவே ஒருமுறையாவது அந்த நாட்டுக்குப் போகப் பயன்படுத்தியிருந்தால், தனி விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். "பலமுறை", "பயன்படுத்தியிருந்தால்" என்கிற இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் புத்தம்புது விசா ஒட்டிக்கொண்டு முதல் நாடாக டிரானாவில் போய் இறங்கினால் சிக்கல்தான்.

அப்படி விசா இல்லாதவர்கள் இணையத்தில் அல்பேனிய மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னை நம்பி விமானம் ஏறவேண்டாம்.

இந்தியாவிலிருந்து எப்படிப் போறது?

நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல், வியன்னா, ரோம் மாதிரி ஒரு ஊரில் மாறவேண்டும். ஏற்கெனவே ஐரோப்பாவில் சுற்றுகிறீர்கள் என்றால் கப்பல்தான் சுகம். இத்தாலியின் பாரியில் ராத்திரி ஏறினால் காலையில் துர்ரஸ் துறைமுகம். கிரீஸின் கோர்ஃபு தீவிலிருந்து சரண்டாவுக்கு வேகப் படகில் அரைமணி நேரம். இந்தப் படகில் ஒரு விசாப் பொறி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ட்ரெயின் இருக்கா? பஸ் எப்படி?

ரயிலை மறந்துவிடுங்கள். பெரிய ஊர்களுக்கு பஸ் உண்டு: டிரானாவிலிருந்து பெராட் இரண்டு இரண்டரை மணி நேரம், ஜிரோகாஸ்தர் நாலு மணி நேரம். மற்றபடி ஃபுர்கோன்தான். நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. ஆள் நிறைந்தால் கிளம்பும், கைகாட்டினால் நிற்கும், இறங்கும்போது காசு. அதிகாலையில் நிறைய ஓடும், மத்தியானத்துக்கு மேல் அருகிவிடும். "கடைசி வண்டி எப்போ" என்று முந்தின நாளே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள், கூகுளிடம் கேட்டுப் புண்ணியமில்லை.

ஒருதடவை பெர்மெட் போகிற ஃபுர்கோனில் என் மடியில் ஒரு அம்மாள் கேட்காமலே தக்காளி நாற்றுத் தட்டை வைத்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் நானும் நாற்றும். இறங்கும்போது தட்டை வாங்கிக்கொண்டு கன்னத்தைத் தட்டினார், அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு ஆகும்? கார்டு எடுப்பாங்களா?

கிரீஸ், இத்தாலியோடு ஒப்பிட்டால் குறைவு. கடற்கரையில் மட்டும் சீசனுக்குச் சீசன் ஏறிக்கொண்டே போகிறது. நாணயம் லெக், ஒரு யூரோவுக்குச் சுமார் நூறு லெக் என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். டிரானாவின் ஓட்டல்களில் கார்டு ஓடும். சின்ன ஊர்க் கடை, ஃபுர்கோன், மலை வீடுகள் எல்லாம் ரொக்கம்தான். மலைக்குப் போகும்முன் கையில் காசு எடுத்துக்கொள்ளுங்கள், தேத் மாதிரி கிராமத்தில் ஏடிஎம் தேடி அலையவேண்டாம்.

கடைக்காரர் பத்து மடங்கு விலை சொன்னார், ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் இல்லை. 1965-ல் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தை வெட்டினார்கள்: பத்து பழைய லெக், ஒரு புதிய லெக். அறுபது வருஷம் ஆகியும் ஜனங்கள் வாயில் பழைய கணக்குத்தான். நூறு லெக் காப்பியை "ஆயிரம்" என்பார்கள். 1957-ல் நயா பைசா வந்த பிறகும் நம் தாத்தாக்கள் நாலணா, எட்டணா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அதே கதை. "பழசா, புதுசா?" என்று கேளுங்கள், அல்லது நோட்டை நீட்டுங்கள், மிச்சத்தை ஒழுங்காகத் தருவார்கள். எனக்கு ஒரு காய்கறிக்காரர், நான் பழைய கணக்கை நம்பி நீட்டிய இரண்டாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறைத் திருப்பிக் கையில் திணித்தார்.

மொழி தெரியாம எப்படிச் சமாளிக்கிறது?

இளசுகள் நல்ல ஆங்கிலம் பேசுகிறார்கள். வயதானவர்கள் பலருக்கு இத்தாலி மொழி வரும். எதிர்க்கரை டிவியை ஆன்டெனாவைத் திருப்பித் திருட்டுத்தனமாகப் பார்த்தே கற்றுக்கொண்டது. தெற்கே கிரேக்கமும் உண்டு.

நீங்கள் கற்கவேண்டியது மூன்று சொல். நன்றிக்கு ஃபலெமிந்தெரித். ஆமாம் என்பதற்கு "போ". இல்லை என்பதற்கு "யோ". முதல் நாள் காலையில் வீட்டுக்கார அம்மாளிடம் "காப்பி கிடைக்குமா" என்று கேட்டேன், சிரித்த முகத்தோடு "போ, போ" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

அதோடு தலையாட்டல் வேறு. பழைய ஆட்கள் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்றால் மோவாயை மேலே தூக்கி நாக்கால் "ப்ச்" கொட்டுவார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் இதில் திண்டாடிப்போகிறார்கள். நமக்கு அது பிரச்சினையே இல்லை. நம் தலையாட்டலைப் பார்த்து அவர்கள்தான் சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன வயசுக்காரர்கள் மற்ற ஐரோப்பியர் மாதிரியே ஆட்டுவதால், சந்தேகம் வந்தால் போவா யோவா என்று வாயால் கேட்டுவிடுவது நல்லது.

நான் சுத்த சைவம், பட்டினிதானா?

இல்லவே இல்லை. "பா மிஷ்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள். ப்யூரெக் என்று மெல்லிய மாவுத்தாளை அடுக்கிச் சுடும் பண்டம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கீரை, பூசணி, பாலாடைக்கட்டி வைத்தது கேளுங்கள். குடைமிளகாயும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் ஃபெர்கெஸா (ஈரல் போடுகிற ஒரு வகையும் உண்டு, அதனால் கேட்டுவிட்டு), மொச்சை மாதிரி வெள்ளைப் பயற்றுக் குழம்பு, சோறு அடைத்த குடைமிளகாய். ஜிரோகாஸ்தரில் கிஃப்கி என்று புதினா போட்ட சோற்று உருண்டை பிரமாதம், ஆனால் அதில் முட்டை உண்டு.

தயிர் சாதக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி: தல் என்று ஒன்று விற்பார்கள். உப்பு போட்ட மோரேதான். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மட்டும் இல்லை.

முஸ்லிம் நாடுன்னு சொல்றாங்க, கட்டுப்பாடு அதிகமா இருக்குமா? ஹலால் கிடைக்குமா?

முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் கணிசம். பெக்டாஷி என்கிற சூஃபி மரபுக்கு உலகத் தலைமையகமே டிரானாவில் இருக்கிறது. 1925-ல் துருக்கி தர்வேஷ் மடங்களைத் தடை செய்ததால் இங்கே வந்து சேர்ந்தது. ஆனால் 1967-ல் ஹோஜா எல்லா மதத்தையும் ஒரே வெட்டாகத் தடை செய்தார். வடக்கே ஷ்கோடர் ஊரின் கதீட்ரலை விளையாட்டரங்கமாக்கினார்கள். தடை விலகியது 1990-ல். அந்த இருபத்துச் சொச்சம் வருஷம் இப்போதும் தெரிகிறது: பெரும்பாலோருக்கு மதம் என்பது பண்டிகைக்கும் பெயருக்கும்தான், ஒரே வீட்டில் ஈதும் ஈஸ்டரும் கொண்டாடுகிறவர்கள் உண்டு.

உடைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, மதுவும் தாராளம். ஹலால் வேண்டுமென்றால் கிடைக்கும், ஆனால் பன்றியிறைச்சியும் விற்பதால் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

இந்தியான்னு சொன்னா எப்படிப் பார்க்கிறாங்க?

"நனா தெரேசா!" என்பார்கள். அன்னை தெரசா அல்பேனியர், 1910-ல், இன்றைய வடக்கு மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் பிறந்தவர். டிரானா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். கல்கத்தா என்கிற சொல் அங்கே எல்லோருக்கும் தெரியும், சென்னையைத் தெரியாது.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. அவருடைய அம்மாவும் அக்காவும் டிரானாவில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க ஹோஜா அரசு அவரை உள்ளே விடவே இல்லை; 1970-களின் தொடக்கத்தில் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவரால் அந்த ஊருக்குள் கால் வைக்க முடிந்தது 1989-ல்தான். என்னிடம் இதைச் சொன்ன டாக்சிக்காரர் "உங்கள் நாடு வைத்துக்கொண்டது, நாங்கள் கதவைச் சாத்தினோம்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வயல்ல எல்லாம் காளான் மாதிரி கான்கிரீட் குடை நிக்குதே, என்ன அது?

பதுங்கு குழி. ஹோஜா 1948-ல் யூகோஸ்லாவியாவோடு முறித்தார், 1961-ல் சோவியத்தோடு, 1978-ல் சீனாவோடு. மிச்சம் யாரும் இல்லை, எல்லோரும் படையெடுத்து வருவார்கள் என்ற பயம் மட்டும் இருந்தது. அதனால் நாடெங்கும் கான்கிரீட் குழிகள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்று சொல்கிறார்கள். எந்த எதிரியும் வரவில்லை. இப்போது ஆடு கட்டுகிறார்கள், வைக்கோல் அடைக்கிறார்கள், டிரானாவில் பெரிய குழிகள் இரண்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அந்தச் சிமெண்டில் எத்தனை வீடு கட்டியிருக்கலாம் என்று ஒரு கிழவர் எனக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

பொண்ணுங்க தனியாப் போகலாமா?

என் தங்கை தனியாகப் போய்வந்தாள். சாயங்காலம் ஜிரோ என்று ஒரு வழக்கம் உண்டு. வெயில் தாழ்ந்ததும் குழந்தை குட்டியோடு ஊரே தெருவில் இறங்கி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கும். பெராட்டில் ஆற்றங்கரைச் சாலை அப்போது திருவிழா மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் தெருவில் தனியாக இருப்பதே கஷ்டம். சின்ன ஊர்க் காப்பிக்கடைகளில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வெறிப்பார்கள், அது உண்மை. அவள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். ஆபத்து என்றால் எனக்கு இரண்டுதான் தோன்றியது: வளைவில் முந்துகிற கார், மலையில் மந்தைக்காவல் நாய். நாயைக் கண்டால் ஓடாதீர்கள், மேய்ப்பரைக் கூப்பிடுங்கள்.

மலை ஏறத் தெரியாது, வடக்கே போகலாமா?

ஏறாமலே முக்கால்வாசி பார்க்கலாம். ஷ்கோடரில் தங்கி, விடியற்காலையில் கோமன் போய், அணை நீர்த்தேக்கத்தில் ஃபியர்ஸா வரை படகு: மூன்று மணி நேரம் இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே சாலையே இல்லாத ஒற்றை வீடுகள். படகு ஒதுங்கி ஒரு மாவு மூட்டையை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து வல்போனா என்கிற மலைக் கிராமம். வல்போனாவிலிருந்து தேத்துக்கு நடந்தால் ஏழெட்டு மணி நேரம், கணவாய் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம்; திருவண்ணாமலை கிரிவலத்தை மூச்சு வாங்காமல் முடிப்பவர்கள்கூட அவசரப்படாமல் ஏறவேண்டும். முட்டி ஒத்துழைக்காதவர்கள் ஷ்கோடரிலிருந்தே வண்டியில் தேத் போய்விடலாம்.

கலை நிகழ்ச்சி ஏதாவது? டூரிஸ்ட் ஷோ இல்லாம, நிஜமானது?

தெற்கே ஐசோ பாட்டு. ஒருவர் எடுக்க, இன்னொருவர் எதிர்க்குரல் கொடுக்க, மிச்சப் பேர் "ஏஏஏ" என்று ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரியே, இங்கே ஒத்து மனிதத் தொண்டை. மேடையில் கேட்டது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டு வாசலில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாலு மாமாக்கள் தோளோடு தோள் சாய்ந்து பாடியதைத்தான் மறக்க முடியவில்லை.

கிரீஸ்ல இறங்கி, படகுல அல்பேனியா போய், திரும்ப ரோம் வழியா ஊருக்கு வரலாமா?

மேலே சொன்ன பொறி இதுதான். கோர்ஃபுவில் படகு ஏறின நொடியில் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். ஒருமுறை நுழையும் விசா என்றால் அது அங்கேயே தீர்ந்தது, ரோமுக்குள் விடமாட்டார்கள். அதைக் காட்டி அல்பேனியாவுக்குள் நுழையவும் முடியாது. இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். பலமுறை விசா இருந்தால் கவலையில்லை, அல்பேனியாவில் முழுதாகக் கழிக்கும் நாட்கள் ஷெங்கனின் 90 நாள் கணக்கில் சேராது.

இரத்தப் பழி அது இதுன்னு படிச்சேன், பயமா இருக்கே?

வடக்கு மலையில் கானூன் என்று வாய்வழிச் சட்டம் நூற்றாண்டுகளாக இருந்தது, 1933-ல் அது புத்தகமாகவும் வந்தது. கொலைக்குக் கொலை அதில் உண்டு. பழிக்கு அஞ்சியவர்கள் அடைந்துகிடந்த கல் கோபுரம் தேத்தில் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். அது குடும்பங்களுக்கு இடையிலான பகை, வழிப்போக்கர்மேல் பாயாது. இன்னும் சொன்னால் அதே கானூன்தான் "வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும் உரியது" என்கிறது. கொடுத்த வாக்குக்கு பெசா என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் தஞ்சம் வந்த யூதர்களைக் காட்டிக்கொடுக்காமல் வீட்டுக்குள் வைத்துக் காத்ததற்கு இந்தச் சொல்லைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். போர் முடிந்தபோது அங்கே யூதர்கள் முன்பிருந்ததைவிடக் கூடியிருந்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: சாப்பாட்டு மேசையில் "உங்கள் வீட்டில் பகை உண்டா" என்று கேட்டுவைக்காதீர்கள். நம் வீட்டுக்கு வந்தவன் சாதியைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வெச்சுட்டு காசு வாங்க மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

தங்கும் விடுதியாக நடத்துகிற வீடு என்றால் பேசின காசைக் கொடுத்தே தீரவேண்டும், அது அவர்கள் பிழைப்பு. வழியில் பார்த்துக் கூப்பிட்ட வீடு என்றால் காசை நீட்டவே நீட்டாதீர்கள், முகம் சுருங்கிவிடும். செருப்பை வாசலில் கழற்றுங்கள், காப்பியும் ராக்கி சாராயமும் வரும். ராக்கி வேண்டாமென்றால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் போதும், கட்டாயப்படுத்த மாட்டார்கள். குழந்தைகள் இருந்தால் ஊரிலிருந்து கொண்டுபோன ஏதாவது கொடுக்கலாம்; நான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டுபோயிருந்தேன், பெரியவர்கள்தான் முதலில் தீர்த்தார்கள்.

பதிலுக்கு அவர்களும் எதையாவது தலையில் கட்டுவார்கள். பெர்மெட்டில் பச்சை வால்நட் காயைப் பாகில் ஊறவைத்த க்ளிகோ ஒரு ஜாடி கொடுத்தார்கள், கறுகறுவென்று, ஏலக்காய் போடாத பாக்குலேகியம் மாதிரி. அதைப் பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். நான் கைப்பையில் வைத்தேன். விமான நிலையச் சோதனையில் திரவம் என்று எடுத்துவிட்டார்கள், ஒரு கரண்டிகூடச் சாப்பிடவில்லை.